தங்கம் மங்கியது பாதரசத்தால்தானா?

தடுப்பூசியில் பதனப்பொருளாகச் சேர்க்கப்படும் தியோமெர்சல் என்னும் பாதரசச் சேர்மத்தை ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு அளக்கலாம் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அவற்றுள் பல, எவ்வளவு குறைந்த பாதரசத்தைக் காண முடிந்தது என்ற ஓர் எண்ணையே பெருமையோடு முன்னிறுத்துகின்றன. அந்த எண் நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவு) அளவிலும், சில வேளைகளில் அதற்கும் கீழேயும் இருக்கும். ஆனால் பதனப்பொருள் சேர்க்கப்பட்ட ஒரு தடுப்பூசிக் குப்பியில் தியோமெர்சல் வழக்கமாக 0.01 விழுக்காடு இருக்கும். அதாவது 0.5 மில்லிலிட்டர் கொண்ட ஒரு டோஸில் 50 மைக்ரோகிராம் தியோமெர்சல். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்பதால் பாதரசம் மட்டும் 25 மைக்ரோகிராம். செறிவாகக் கணக்கிட்டால் இது சுமார் 250 மைக்ரோமோலார். 0.5 நானோமோலாரைக் காணக்கூடிய ஒரு முறைக்கு இது ஏறக்குறைய 5 லட்சம் மடங்கு அதிகம். பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை ஏற்றிவிட்டு, தராசு எவ்வளவு நுட்பமானது பாருங்கள் என்று சொல்வதைப் போன்றது இது.

நான் முதலில் இந்த வேலையைத் தொட்டபோது எனக்கும் இது உறைக்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் தங்க நானோ கொத்துகளைத் தயாரித்துப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், நுண்ணுணர்வே எல்லாம் என்றுதான் நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் இந்தப் பொருள் குப்பிக்குள் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த பண்டபெர்க் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பு மருந்து 21 குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. அவர்களில் 12 பேர் இறந்துபோனார்கள். மருந்து நச்சாகியிருக்கவில்லை. ரப்பர் மூடி போட்ட ஒரே குப்பியிலிருந்து வெவ்வேறு நாள்களில் மருந்தை உறிஞ்சி எடுத்ததில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே புகுந்து, கோடை வெப்பத்தில் பெருகியிருந்தது. அந்த மருந்தில் பதனப்பொருள் எதுவும் இல்லை. சார்லஸ் கெல்லவே தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், கிருமி வளர இடமுள்ள இத்தகைய மருந்துகளைக் கிருமிநாசினி போதிய அளவில் சேர்க்காமல், பலமுறை திறந்து பயன்படுத்தும் கலன்களில் வழங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் மோரிஸ் காரஷ் என்னும் வேதியியலர் அமெரிக்காவில் தியோமெர்சலுக்குக் காப்புரிமை பெற்றார். ஹைட்ரஜன் புரோமைடு, பெராக்சைடு முன்னிலையில் ஆல்கீனோடு மார்கோவ்னிகாஃப் விதிக்கு மாறாகச் சேரும் என்று பள்ளியில் படித்திருப்போமே, அந்தக் காரஷ் விளைவின் காரஷ் இவர்தான். எலை லில்லி நிறுவனம் இதை மெர்தியோலேட் என்ற பெயரில் விற்றது. 1930-களிலிருந்து தடுப்பூசிகளில் இடம்பிடித்துவிட்டது.

நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் 10 டோஸ் குப்பிகள் இன்றும் சாதாரணமாகப் பயன்படுகின்றன. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட், முத்தடுப்பு ஊசி, ஹெபடைடிஸ் பி போன்றவற்றின் குப்பியைத் திறந்த நாளையும் நேரத்தையும் மேலே எழுதிவைத்து, குளிர்ச்சியும் பிற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது திறந்த குப்பிக்கான விதி. பி.சி.ஜி.யும் தட்டம்மைத் தடுப்பூசியும் கரைத்த 4 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இவை உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் என்பதால் இவற்றில் தியோமெர்சலைச் சேர்த்தால் மருந்தே செத்துப்போகும். செயலிழக்கச் செய்த போலியோ ஊசி மருந்தில் கிருமி உயிரோடு இல்லை என்றாலும், அதன் வீரியத்தையும் தியோமெர்சல் குறைத்துவிடுவதால் அங்கே ஃபீனாக்சிஎத்தனால் பயன்படுகிறது.

பாதரசம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு அச்சம் எழுவது இயல்பு. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் நினைவு நமக்கு உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோயைப் பற்றியும் படித்திருக்கிறோம். ஆனால் கொடைக்கானலில் சிந்தியது தனிம நிலையில் இருந்த பாதரசம்; மினமாட்டாவில் மீன் வழியாக உடலுக்குள் போனது மெத்தில் பாதரசம்; குப்பிக்குள் இருப்பது எத்தில் பாதரசத்தைத் தரும் சேர்மம். இந்தக் கடைசி இரண்டுக்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு போலத் தோன்றினாலும், மெத்தில் பாதரசம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் ஆகிறது. எத்தில் பாதரசத்துக்கு ஒரு வாரம்கூட ஆவதில்லை, அது குடல் வழியாக வெளியேறிவிடுகிறது. 1999-இல் அமெரிக்கா, முன்னெச்சரிக்கையாக, குழந்தைகளுக்கான தடுப்பூசிகளிலிருந்து தியோமெர்சலை நீக்கச் சொன்னது. அதன் பிறகு நடந்த விரிவான ஆய்வுகள் எதுவும் மதியிறுக்கத்துடனான (ஆட்டிசம்) தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கையே தியோமெர்சல் சேர்த்த தடுப்பூசிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. 2025-இல் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, தியோமெர்சல் சேர்த்த இன்ஃப்ளுயன்சா ஊசிகளுக்கு எதிராக வாக்களித்து இந்த விவாதத்தை மீண்டும் கிளப்பிவிட்டது. அறிவியல் சான்றில் புதிதாக எதுவும் மாறிவிடவில்லை என்பது என் கருத்து. அச்சத்தின் பொருட்டு அளப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

அளப்பதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது. பதனப்பொருள் அளவுக்கு மேல் இருந்தால் மட்டும் தவறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்; குறைந்துபோனாலும் தவறுதான், பண்டபெர்க்கில் நடந்தது குறைவினால் வந்த கேடு. தியோமெர்சல் குப்பிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும் பொருளும் இல்லை. ரப்பர் மூடி அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் சிதையும். செம்பு அயனிகள் சிறிதளவு கலந்திருந்தாலும் சிதைவு வேகம் பிடிக்கும். ஆகவே ஆலையில் நிரப்பிய அன்று எவ்வளவு இருந்தது என்பதோடு, இரண்டு ஆண்டு கழித்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இதற்கான நிலைபெற்ற வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பாதரசத்தை ஆவியாக்கி, 253.7 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. தூண்டப்பட்ட பிளாஸ்மாவில் எரித்து, அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானியில் அவற்றை எண்ணுவது இன்னொன்று. இவை நம்பகமானவை, ஆனால் கருவிக்கும் ஆர்கான் வாயுவுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு சிறிய ஆய்வகத்தால் தாங்க முடிவதில்லை. ஒளிரும் நானோ துகள்கள் கவர்ச்சியாகத் தோன்றுவது இங்கேதான்: கொஞ்சம் கரைசல், ஒரு புற ஊதா விளக்கு, ஒரு சாதாரண ஒளிர்வுமானி இருந்தால் போதும் என்ற ஆசை.

அந்த ஆசைக்கு நான் முழுமையாக ஆட்பட்டது தங்கக் கொத்துகளின் அழகினால் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2009-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்முறை, சமையல் குறிப்பைப் போல எளிமையானது. மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அல்புமின் புரதத்தின் கரைசலையும் தங்கக் குளோரைடுக் கரைசலையும் சம அளவில் கலந்து, இரண்டு நிமிடம் கழித்துக் காரம் சேர்த்து, உடல் வெப்பநிலையான 37 பாகையில் 12 மணி நேரம் வைத்தால் வேலை முடிந்தது. மாலையில் வைத்துவிட்டுப் போய்க் காலையில் வந்து பார்த்தால் வெளிர் மஞ்சளாக இருந்த கரைசல் தேநீர் டிகாஷன் நிறத்துக்கு வந்திருக்கும். அறையை இருட்டாக்கி, கள்ள நோட்டைப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கைப் போன்ற ஒன்றைக் காட்டினால், அந்தப் பழுப்புத் திரவம் அடுப்புத் தணலைப் போலச் சிவந்து ஒளிரும். ஏறத்தாழ 25 தங்க அணுக்கள் ஒன்றுகூடிப் புரதத்தின் மடிப்புக்குள் ஒடுங்கியிருப்பதே அதற்குக் காரணம். நாம் காதில் அணியும் தங்கத்துக்கு ஒளிரத் தெரியாது. அணுக்களின் எண்ணிக்கை இவ்வளவு சுருங்கும்போது எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் தனித்தனிப் படிகளாகப் பிரிந்துவிடுவதால், மேல் படிக்கு ஏறிய எலக்ட்ரான் கீழே இறங்கும்போது 640 நானோமீட்டருக்கு அருகில் சிவப்பு ஒளியை உமிழ்கிறது.

அந்தக் கரைசலில் பாதரச அயனிகளைச் சேர்த்தால் தணல் அணைந்துவிடும். 2010-இல் அதே சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். நான் மேலே சொன்ன 0.5 நானோமோலார் அவர்களுடைய எண்தான். தங்கக் கொத்தின் மேற்பரப்பில் ஒற்றை நேர்மின் சுமை கொண்ட தங்க அயனிகள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான் அமைப்பும், இரட்டை நேர்மின் சுமை கொண்ட பாதரச அயனியின் அமைப்பும் ஒன்றே. இரண்டும் நேர்மின் சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ள வேண்டியவை. ஆனாலும் அந்த முழுமையாக நிரம்பிய கூடுகளுக்கு இடையே ஒரு வலுவான ஈர்ப்பு உண்டாகிறது. ஈர்ப்பு உண்டானதும், ஒளியாக வெளியேற வேண்டிய ஆற்றல் வேறு வழியில் வடிந்துவிடுகிறது.

பாதரசத்தைப் பிடிக்கும் மற்றொரு கொக்கி கந்தகம். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயோல் வகைச் சேர்மங்களுக்கு மெர்கேப்டன் என்று 1830-களில் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ட்ஸைசே; இலத்தீனில் அதற்குப் பாதரசத்தைப் பிடிப்பது என்று பொருள். நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று அழைக்கும் சிவப்புக் கல்லும் பாதரசமும் கந்தகமும் பிணைந்த ஒன்றுதான். ஆகவே கந்தகம் ஒட்டிய எந்த நானோ துகளும் பாதரசத்தை விரும்பித் தேடிக்கொள்ளும்.

இவ்வளவும் சரி. சிக்கல் தொடங்குவது இங்கிருந்துதான். மேலே சொன்னவை அனைத்தும் தனித்து நிற்கும் பாதரச அயனியைப் பற்றியவை. தியோமெர்சலில் பாதரசம் தனித்து நிற்பதில்லை. அதன் ஒரு கையை எத்தில் தொகுதி கார்பன் வழியாகப் பற்றியிருக்கிறது. மறு கையைத் தயோசாலிசிலேட் என்னும் பகுதி கந்தகத்தின் வழியாகப் பற்றியிருக்கிறது. பாதரசத்துக்கு மிகவும் பிடித்த கந்தகம் ஏற்கெனவே அதனிடம் இருக்கும்போது, நம் நானோ துகள் நீட்டும் கந்தகத்துக்கு அது எதற்காக வர வேண்டும்? நான் முதல் நாள் தியோமெர்சலை நேராகத் தங்கக் கொத்துக் கரைசலில் விட்டுப் பார்த்தேன். அதே செறிவில் பாதரசக் குளோரைடு தணலை அணைத்த இடத்தில், தியோமெர்சல் கொஞ்சம் மங்கச் செய்ததோடு நின்றுவிட்டது. அந்த மங்கலும் நேரம் போகப் போக மாறிக்கொண்டே இருந்தது. காலை பத்து மணிக்கு ஓர் அளவு, பதினொரு மணிக்கு வேறோர் அளவு. இப்படி ஒரு முறையை எந்தத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகமும் ஏற்காது.

எனவே முதலில் அந்தச் சேர்மத்தைச் சிதைத்து, பாதரசத்தை இரு கைகளிலிருந்தும் விடுவித்தாக வேண்டும். கந்தகக் கை எளிதாக விடும். கார்பன் கைதான் விடாப்பிடியானது. வலுவான ஆக்சிஜனேற்றி ஒன்று தேவைப்படும். நான் அமிலத்தோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தேர்ந்தெடுத்தேன், அலமாரியில் அதுதான் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சூடாக்கினேன், ஆறவைத்தேன், நீர்த்தேன், தங்கக் கொத்தில் சேர்த்தேன். தணல் அழகாக அணைந்தது. சேர்த்த தியோமெர்சலின் அளவையும் கண்டெடுத்த பாதரசத்தின் அளவையும் ஒப்பிட்டபோது 130 விழுக்காடு கிடைத்தது. போட்டதைவிட எடுத்தது அதிகம். வேதியியலில் அட்சய பாத்திரம் கிடையாது.

மூன்று வாரம் இந்த 130-ஐத் துரத்தினேன். குழாய்கள் மாசுபட்டிருக்கலாம் என்று எல்லாவற்றையும் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். புதிய திட்டக் கரைசல்களைத் தயாரித்தேன். தவறு வேறிடத்தில் இருந்தது. பாதரசம் இல்லாதபோது ஒளி எவ்வளவு என்று ஒப்பிட வைத்திருந்த வெற்று மாதிரியில், தியோமெர்சலை மட்டும் சேர்க்காமல் விடுவதற்குப் பதிலாகப் பெர்மாங்கனேட்டையும் சேர்க்காமல் விட்டிருந்தேன். மாதிரியில் மிஞ்சிய பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் 525 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை விழுங்கும். நான் தங்கக் கொத்தைத் தூண்டப் பயன்படுத்திய ஒளி அந்தப் பட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தாலும் அது தூண்டும் ஒளியைத் திருடிக்கொண்டிருந்தது. அதோடு ஆக்சிஜனேற்றி கொத்தின் மேற்பரப்பையும் அரித்தது. தணல் மங்கியதில் ஒரு பங்குதான் பாதரசத்தின் வேலை. மிச்சத்தை நான் பாதரசத்தின் கணக்கில் எழுதிவிட்டேன். ஹைட்ராக்சிலமீனைச் சில துளி விட்டு எஞ்சிய ஆக்சிஜனேற்றியைக் கொன்று, வெற்று மாதிரியையும் அதே பாதையில் முழுமையாக நடத்திய பிறகு எண் நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஒளி அணைவதை அடிப்படையாகக் கொண்ட எல்லா முறைகளுக்கும் உள்ள பிறவிக் குறை இது. ஒளி கூடினால் அதற்குக் காரணம் ஒன்றோ இரண்டோதான் இருக்க முடியும். ஒளி குறைந்தால் காரணங்கள் ஆயிரம். கலங்கல் இருந்தால் குறையும். அமிலத்தன்மை மாறினால் குறையும். வெப்பநிலை ஏறினால் குறையும். ஒளியை விழுங்கும் வேறு பொருள் இருந்தால் குறையும். 1919-இல் ஸ்டெர்னும் ஃபோல்மரும் தந்த சமன்பாட்டைக் கொண்டு ஒளிர்வு விகிதத்தையும் செறிவையும் வரைந்தால் நேர்கோடு வருகிறது என்பதைப் பல கட்டுரைகள் சான்றாகக் காட்டுகின்றன. அந்த நேர்கோடு அணைத்தவர் யார் என்று சொல்வதில்லை. ஒளிர்வு ஆயுட்காலத்தை, அதாவது தூண்டிய பின் ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை, அளந்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். துகள்கள் மோதி அணைந்தால் ஆயுள் குறையும். இன்னொரு பொருள் ஒளியை இடையில் விழுங்கினால் ஆயுள் மாறாது. ஆனால் பாதரசம் கொத்தோடு முன்கூட்டியே பிணைந்துவிட்டாலும் ஆயுள் மாறாது என்பதால், எந்த அலைநீள ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று காட்டும் உறிஞ்சு நிறமாலையையும் கூடவே எடுத்துப் பார்த்தாக வேண்டும். இதைச் செய்யாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன்.

தடுப்பூசியும் நீரைப் போன்ற எளிய மாதிரி இல்லை. பென்டாவேலண்ட் குப்பியை அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு சேர்ந்திருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் நன்கு அறிவார்கள். மருந்து உறைந்து கெட்டுவிட்டதா என்று குப்பியைக் குலுக்கிப் பார்க்கும் சோதனையே அந்தப் படிவு இறங்கும் வேகத்தை வைத்துத்தான். அது நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காகச் சேர்த்த அலுமினிய உப்பு. ஒரு டோஸில் 1.25 மில்லிகிராம் அலுமினியம் வரை இருக்க மருந்தியல் நூல் அனுமதிக்கிறது. அது ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தகம் பாதரசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு நீரின் குளோரைடு அயனிகளும் பாதரசத்தைச் சூழ்ந்துகொள்பவைதாம். தயோசாலிசிலேட் புற ஊதா ஒளியை விழுங்கும்.

நுண்ணுணர்வுக்கு உண்மையான பயன் இருப்பதை நான் கண்டுகொண்டது இந்த இடத்தில்தான். குறைந்த பாதரசத்தைத் தேடுவதற்காக அது நமக்கு வேண்டியதில்லை. தாராளமாக நீர்ப்பதற்காக வேண்டும். சிதைத்த மாதிரியை 5,000 மடங்கு நீர்த்தாலும் பாதரசம் 50 நானோமோலார் இருக்கும். தங்கக் கொத்துக்கு அது போதுமானதற்கும் மேல். அதே வேளையில் அலுமினியமும் புரதமும் உப்பும் எஞ்சிய வேதிப்பொருள்களும் 5,000 மடங்கு மெலிந்துவிடுகின்றன. 130 விழுக்காட்டுச் சிக்கலில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டதற்கு, வெறும் 50 மடங்கு நீர்த்து, வளைவு நன்றாக வருகிறது என்று மகிழ்ந்ததும் ஒரு காரணம். தியோமெர்சலைப் பெருமளவு நீக்கிவிட்டு, ஒரு டோஸில் 1 மைக்ரோகிராம் பாதரசத்துக்கு மேல் இல்லாத தடுப்பூசியிலும்கூடச் செறிவு 10 மைக்ரோமோலார் வரை இருக்கலாம். அங்கேயும் இருநூறு மடங்கு நீர்க்க இடம் இருக்கிறது.

ஆனால் நீர்ப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. நானோமோலார் அளவுக்குக் கொண்டுவந்த பாதரசக் கரைசலை நெகிழிக் குப்பியில் இரவு முழுவதும் வைத்திருந்தால், காலையில் அதில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். சுவரில் ஒட்டிக்கொள்ளும், தனிம நிலைக்கு மாறி ஆவியாகியும் போகும். அதைத் தடுக்க அமிலத்தோடு ஒரு துளி தங்கக் கரைசலைச் சேர்ப்பது பாதரசப் பகுப்பாய்வில் பழைய வழக்கம். பாதரசத்தைக் காட்டிக்கொடுப்பதும் தங்கம், காப்பாற்றி வைப்பதும் தங்கம் என்று ஆய்வகத்தில் அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். இந்தத் துளித் தங்கமும் வெற்று மாதிரியில் இருந்தாக வேண்டும் என்பதை இம்முறை நான் மறக்கவில்லை.

பின்னாளில் பெர்மாங்கனேட்டைக் கைவிட்டு, சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடோடும் அமிலத்தோடும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துச் சிதைக்கும் முறைக்கு மாறினேன். நிறம் இல்லை, பழுப்புப் படிவு இல்லை, எஞ்சிய பெராக்சைடும் ஒளியிலேயே பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. அந்த விளக்கே பாதரச ஆவி நிரப்பிய விளக்கு. அது உமிழும் முதன்மையான ஒளிக்கோடு 253.7 நானோமீட்டர், பெரிய கருவி பாதரசத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் அதே கோடு. பாதரசத்தைப் பிடித்து வைத்திருக்கும் கார்பன் பிணைப்பைப் பாதரசத்தின் ஒளியே அறுக்கிறது.

மாதிரியின் குழப்பங்களிலிருந்து முற்றிலும் விலகிச் செல்ல இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுவே மிகவும் பிடித்தது. உலோகங்களில் அறை வெப்பநிலையில் எளிதாக ஆவியாவது பாதரசம் மட்டுமே. சிதைத்த மாதிரியில் ஸ்டானஸ் குளோரைடைச் சேர்த்துப் பாதரசத்தைத் தனிம நிலைக்கு மாற்றினால் அது ஆவியாகி மேலெழும். மூடிய குப்பியின் மேற்புறத்தில் தொங்கவிட்ட ஒரு துளியிலோ வடிதாளிலோ நானோ துகள்களை வைத்திருந்தால் பாதரசம் அங்கே போய்ச் சேரும். அலுமினியமும் புரதமும் உப்பும் கீழேயே தங்கிவிடும். தாளின் ஒளி மங்கினால் சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியல் மிகவும் சிறியது.

மற்ற ஒளிரும் துகள்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காட்மியம் டெல்லூரைடு போன்ற குவாண்டம் புள்ளிகள் பிரகாசமானவை. அவற்றின் அறிவியலுக்கு 2023-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மைக்ரோகிராம் பாதரசத்தை அளப்பதற்காகக் காட்மியக் கழிவை உண்டாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2004-இல் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தில் கார்பன் நுண்குழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்டெடுத்த கார்பன் புள்ளிகள் மலிவானவை, நச்சு குறைந்தவை. சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் சூடாக்கினாலே நீல ஒளி வீசும் துகள்கள் கிடைத்துவிடும். அவற்றின் குறை என்னவென்றால், இன்று காய்ச்சியதும் நாளை காய்ச்சியதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வீட்டு ரசம்போலத்தான், கை மாறினால் சுவை மாறும். பாதரசத்துக்கு அசையாத நீலக் கார்பன் புள்ளிகளையும், அசையும் சிவப்புத் தங்கக் கொத்துகளையும் ஒரே கரைசலில் வைத்து இரு நிறங்களின் விகிதத்தை அளப்பது நல்ல தந்திரம். விளக்கின் ஏற்ற இறக்கமும் கலங்கலும் இரண்டு நிறத்தையும் ஏறக்குறைய சேர்த்தே பாதிக்கும் என்பதால் விகிதம் அவ்வளவாகக் கலங்காது. பாதரசம் கூடக் கூட நிறம் சிவப்பிலிருந்து ஊதாவுக்கும் பிறகு நீலத்துக்கும் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இவ்வளவு செய்த பிறகும் இந்த முறை சொல்வது மொத்தப் பாதரசத்தின் அளவை மட்டுமே. சிதைத்துவிட்டுத்தானே அளக்கிறோம்; சிதைப்பதற்கு முன் அது முழுத் தியோமெர்சலாக இருந்ததா, குப்பிக்குள்ளேயே உடைந்து எத்தில் பாதரசமும் தயோசாலிசிலேட்டுமாகப் பிரிந்திருந்ததா என்பது தெரியாது. ரப்பர் மூடி உறிஞ்சியதால் ஏற்பட்ட இழப்பை இது பிடித்துவிடும், வெளிச்சத்தால் ஏற்பட்ட சிதைவைப் பிடிக்காது. அந்தக் கேள்விக்கு உயர் திறன் திரவ வண்ணப்படிவுப் பிரிகையில் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதே வழி. எனவே ஒரு தொகுதித் தடுப்பூசியைச் சந்தைக்கு விடலாமா என்று முடிவெடுக்கும் கசௌலி மத்திய மருந்து ஆய்வகம் போன்ற இடங்களில் ஒளிரும் துகள்கள் பழைய முறைகளை இடம்பெயர்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிடங்கில் நெடுநாள் கிடந்த நூறு குப்பிகளில் எந்தப் பத்தை மேல் சோதனைக்கு அனுப்புவது என்று பிரித்தெடுக்க அவை போதும்.

நான் கடைசியாகச் செய்துகொண்டிருந்தது அந்த ரப்பர் மூடிச் சோதனைதான். ஒரே தியோமெர்சல் கரைசலைச் சில குப்பிகளில் நேராக நிற்கவும், சிலவற்றில் மூடி நனையும்படி தலைகீழாகவும் வைத்து, வாரம் ஒருமுறை எடுத்து அளந்தேன். தலைகீழாக வைத்தவற்றில் பாதரசம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு அந்த மூடிகளைத் துண்டுகளாக வெட்டி அமிலத்தில் போட்டுச் சிதைத்தபோது, கரைசலில் காணாமல் போனதன் பெரும்பகுதி அங்கே இருந்தது.